இறங்காத குதிகால்

காவிரிக் கரையில், தறிச் சத்தத்திலேயே பிறந்து தறிச் சத்தத்திலேயே கண்ணயரும் வெண்ணந்துறை என்கிற ஊருக்கு ஒரு வைகாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு பாலே நடனக் குழு வந்தது; மூன்று ஆட்டம் ஆடுவதாகச் சொல்லி இரண்டை ஆடியது; அந்த இரண்டாவது ஆட்டத்தின் நிசப்தத்தைத் தறிக்காரர் சங்கத்துக் கல்யாண மண்டபத்திலேயே விட்டுவிட்டது. வேண்டுமென்று விடவில்லை. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் போலத்தான். விட்டவள் பெயர் சுடர்கொடி.

ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவளுடைய அப்பா, மகள் நிற்கிற இடமெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார். அவளோ நிற்கிற இடத்திலெல்லாம் தூணைத் தேடினாள். கல்லூரியில் புள்ளியியல் படித்து முடிக்கிறவரை அவள் குரலை முழுசாகக் கேட்டவர்கள் குறைவு, பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் "என்ன?" என்பார், கடையில் ஷாம்பு கேட்டால் கடைக்காரர் "என்ன?" என்பார், வீட்டில் அம்மாவே "என்னடி?" என்பாள். சொல்லாததையெல்லாம் சேர்த்து வைத்து அவள் ஆடினாள். பார்த்ததையெல்லாம் சேர்த்து வைத்து இப்போது முதல் முறையாக ஓர் ஆட்டத்தை அவளே அமைத்திருந்தாள். அதுதான் ஆடப்படாமல் போன மூன்றாவது ஆட்டம்.

பாலே குழு தறி ஊருக்கு வந்த கதை பெரிய கதையில்லை. சங்கத்து ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் வருகிற பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்கு அன்றைக்கு வேறு ஊரில் நிகழ்ச்சி. சங்கச் செயலாளரும் மண்டபத்துப் பொறுப்பாளருமான அர்த்தநாரி, கூப்பிட்டவுடன் வருகிற ஆட்களாக யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்ததில் இவர்கள் கிடைத்தார்கள். "பாலேன்னா பாலாஜி மாதிரி ஏதோ சாமிப் பேருங்களா?" என்று போஸ்டர் ஒட்டுகிறவர் கேட்டதற்கு, "ஆடறதுங். நவீனமா ஆடறது. மூணு ஆட்டம்னு பெருசா போடு, அது போதும்" என்றார் அர்த்தநாரி.

முதல் ஆட்டம் பியானோ இசைக்கு ஆடியது. கால் விரல் நுனியில் நின்று சுழன்றவர்களைப் பார்த்து, "நெகமெல்லாம் என்னத்துக்காவும்?" என்று பெண்கள் பக்கத்தில் கவலைப்பட்டார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு இசையே கிடையாது. குழுவின் தலைவி ஐரின் மேடம், அறுபது வயதிலும் முதுகு வளையாமல் டீ குடிக்கிற பெரம்பூர்க்காரி, தன் இள வயதில் அமைத்த ஆட்டம் அது. அதை ஆடும்போது மின்விசிறிகளைக்கூட நிறுத்திவிட வேண்டும் என்பது குழுவின் வழக்கம். ஆட்டத்தின் முடிவில் கடைசியாக நிற்கிறவள் தூக்கிய குதிகாலை 'டக்'கென்று தரையில் இறக்க வேண்டும் என்பதும் வழக்கம். "கதவைத் திறந்துட்டு சாத்தாம போகக் கூடாது" என்பார் ஐரின் மேடம். அந்தக் குதிகால் அன்றைக்குச் சுடர்கொடியினுடையது.

எல்லா ஊர்களிலும் மின்விசிறியை நிறுத்தினாலும் ஏதாவது ஒரு சத்தம் மிச்சம் இருக்கும், ஒரு லாரியோ, ஒரு நாயோ, யாருடைய இருமலோ. ஆனால் வெண்ணந்துறையில் விழாவுக்காக ஊர்த் தறி அத்தனையும் நிறுத்தியிருந்தார்கள். தறியின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய ஜனங்கள், சத்தம் இல்லாத இடத்தில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படியொரு நிசப்தத்தைச் சுடர்கொடி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அது அவளுக்காகவே யாரோ பெருக்கிக் கோலம் போட்டு வைத்த இடம்போல இருந்தது. குதிகாலை உயர்த்தியவள், இறக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள், விளக்கு அணைந்துவிட்டது, இருட்டில் அவள் சத்தமில்லாமல் காலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கு மறுபடி வந்தபோது ஜனங்கள் கைதட்டினார்கள். கை தட்டியது, சத்தம் வரவில்லை. மின்விசிறி சுழன்றது, சத்தம் வரவில்லை. அர்த்தநாரி மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், மைக் செட்டுக்காரரைத் திட்டிப் பார்த்தார், திட்டும் வரவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கான இசையைப் போட்டதற்கு ஒலிபெருக்கியின் வாய் மட்டும் அதிர்ந்தது. மண்டபத்து வாசற்படியைத் தாண்டி வெளியே வந்ததும் எல்லாருடைய குரலும் அவரவரிடம் திரும்பி வந்தது. வாசலில் நின்று சாவகாசமாகப் பேசிவிட்டு, "செரி, பொழுதாச்சு" என்று வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த குழுவிடம் அர்த்தநாரி மஞ்சள் கயிறுகளோடு வந்தார்.

"ஏனுங் மேடம், எங்க கெளம்பீட்டீங்?"

"ஊருக்குத்தான். வேறெங்க?"

"அதெப்படிங் போவீங்? மூணு ஆட்டம்னு சொன்னீங், ரெண்டுதான் ஆச்சு. எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாச்சுன்னா, கம்பத்தப் புடுங்கி ஆத்துல விடற வரைக்கும் காப்புக் கட்டுன ஒருத்தரும் எல்லை தாண்ட மாட்டோமுங். நீங்க நட்டுட்டீங்." மண்டபத்தைக் கையால் காட்டினார். "புடுங்கிட்டுப் போங்."

ஐரின் மேடம் சண்டை போடத்தான் வாயெடுத்தார். ஆனால் அர்த்தநாரி அவர் கையைப் பிடித்துக் கயிறு கட்டிய விதத்தில், ஊசி போடுகிற டாக்டரின் மரியாதை இருந்தது. அதற்குள் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஆளுக்கொரு நடனக்காரியையும். சுடர்கொடியின் பெட்டி சௌடேஸ்வரி வீட்டுக்குப் போனது.

சௌடேஸ்வரிக்கும் அவள் வயதுதான் இருக்கும். தறி ஓட்டுகிறவள், கைக்குழந்தைக்காரி. வெண்ணந்துறையில் குழந்தைகள் சத்தத்தில் தூங்கி, கரண்ட் போனால் விழித்துக்கொள்ளும். சௌடேஸ்வரியின் மகள் விழா அன்று தறிகள் நின்றதிலிருந்து மிரண்டுபோய், தறிகள் திரும்ப ஓடத் தொடங்கியும் சரியாகத் தூங்கவில்லை. "உங்க ஆட்டத்தப் பாத்த கண்ண மூட மாட்டேங்கறா" என்றாள் சௌடேஸ்வரி. சுடர்கொடி ஏதோ சொன்னாள். சௌடேஸ்வரி மட்டும் "என்ன?" என்று கேட்கவில்லை. தறிப்பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குக் காது எதற்கு? அவள் உதட்டைப் படித்தாள்.

"மன்னிப்பா கேக்கற? போ அம்மிணி. புள்ளைக்குத் தூக்கம் வராததுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டா எங்க வீட்டுக்காரரு தெனம் கேக்கோணும்."

தறி ஊருக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. ஓடுகிற தறிகளுக்கு நடுவில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்பதால், இரண்டு விரலைக் கத்தரி போலக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், உள்ளங்கையைக் கவிழ்த்தால் கரண்ட் போய்விட்டது, கைப்பிடியை முன்னால் தள்ளுகிற மாதிரி காட்டினால் தறியை ஓட்டு. ஆகவே நிசப்தம் மண்டபத்தில் தங்கிவிட்டது பற்றி ஊருக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்து தங்கினால் பாயை விரித்துக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் போனவர்கள் பழைய தறிக்காரர்கள். ஆயுசெல்லாம் தறி ஓட்டியவர்களுக்கு, தறி நின்ற பிறகும் காதுக்குள் ஒரு தறி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த டாக்டராலும் நிறுத்த முடியாத தறி. மண்டபத்துக்குள் அடி வைத்ததும் அது நின்றது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் துண்டை விரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டு, காதுக்குள் ஒன்றுமே இல்லாததைப் பலகாரம்போல ருசித்தார்கள். பிறகு பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள். பிறகு, வீட்டில் வைத்து அழ முடியாத பெண்கள் வந்து வாய்விட்டு அழுதுவிட்டு முகம் கழுவிப் போனார்கள். பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளை அங்கே கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். பேச்சே இல்லாத இடத்தில் பேசாமல் இருப்பதில் என்ன ரோஷம் என்று அவர்கள் வெளியே வந்ததும் பேசிவிட்டார்கள். சங்கக் கூட்டத்தையும் அங்கேயே நடத்தினார்கள், கத்த வேண்டியதில்லை என்பதால் சீக்கிரம் முடிந்தது.

மண்டபத்தில் முன்பே பேசிவைத்திருந்த ஒரு கல்யாணத்தின் முகூர்த்த நாளும் வந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதியதும் தவில்காரர் தோள் குலுங்க அடித்ததும் கண்ணுக்கு மட்டும் கேட்டது. ஐயர் வாயசைத்தார், அர்த்தநாரி கையை உயர்த்திக் கெட்டிமேளத்துக்குச் சைகை செய்தார், தாலி ஏறியது. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா பாயசத்துக்காகச் சண்டைக்கு எழுந்தார். வெளியூர்க்காரர், கைப்பேச்சு தெரியாது. அவர் ஆட்டிய கைக்கு 'நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார், கரண்ட் போய்விட்டது' என்று அர்த்தம் வந்ததில் பெண் வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

ஆனாலும் கல்யாணப் பெண்ணின் அம்மா வெளியே வந்து, "எம் புள்ள கல்யாணத்துல மேளச் சத்தம் இல்லையே" என்று படியில் உட்கார்ந்து அழுதாள். அதைக் கேட்டபோதுதான் சுடர்கொடிக்கு உறைத்தது. அதற்குமுன் அவள் அந்த மண்டபத்தைத் தன் சொந்த அறைபோல நினைத்து, தினமும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து வந்தாள். யாரும் "என்ன?" என்று கேட்காத ஓர் இடம். இப்போது அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், விட்ட இடத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. ஐரின் மேடம் இரண்டாவது ஆட்டத்தை முழுசாக மறுபடி ஆட வைத்துப் பார்த்தார். அப்போதும் ஆகவில்லை.

"நட்ட கம்பத்தத் திருப்பி நட முடியுங்களா?" என்றார் அர்த்தநாரி, வாசற்படியைத் தாண்டி வெளியே வந்ததும். "ரெண்டாவது முடிஞ்சுதுங். மூணாவத ஆடுங்."

"ஆடலாம்" என்றார் ஐரின் மேடம். "ஞாயிற்றுக்கிழமை ஆடறோம். ஆனா வேற ஆட்டம். நான் பழசு ஒண்ணு வச்சிருக்கேன், அதுக்குப் பாட்டு இல்லாட்டியும் பரவாயில்ல."

சுடர்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதம்மா" என்றார் ஐரின் மேடம், குரலைத் தணித்து. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. "உன் ஆட்டம் பாட்டு மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது. பாட்டை எடுத்தா விழுந்துடும். அப்புறம் அதை நான் எங்கயும் போட முடியாது."

மூன்றாவது ஆட்டத்தின் பெயர் 'லேடீஸ் பெட்டி'. காலையில் பெரம்பூரிலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டு தூங்குகிறவள், பூ கட்டுகிறவள், அடுத்தவள் தோளில் சாய்ந்து அழுகிறவள், இறங்கும் நிலையத்தில் இறங்காமல் போகிறவள், இப்படி ஆறு பேர். சுடர்கொடி கல்லூரிக்குப் போன நாட்களெல்லாம் மூலையில் நின்று பார்த்தவர்கள். அதற்கு வயலினும் ரயில் சத்தமுமாக ஓர் இசை, காது கிழிகிற அளவுக்கு. சத்தமாக வை, இன்னும் சத்தமாக வை என்று இசைக்காரரிடம் கேட்டு வாங்கியவளே அவள்தான். அந்தச் சத்தம் இல்லாமல் தன் ஆட்டத்தை யாராவது பார்த்தால்? மேடம் சொன்னது உண்மையாக இருந்தால்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் சௌடேஸ்வரி.

சுடர்கொடி எல்லாவற்றையும் உதட்டால் சொன்னாள். சௌடேஸ்வரி கேட்டுவிட்டு, "ஆடிக் காமிக்கறது. உளுந்தா உளுந்துட்டுப் போவுது. தறில பாவு அறுந்தா நாங்க ஊர விட்டா ஓடிப் போறம்?" என்றாள். அது சரியான பதிலா என்று சுடர்கொடிக்குத் தெரியவில்லை. தறியில் அறுந்ததை முடிச்சுப் போடலாம். மேடையில் ஆறு பேர் ஆளுக்கொரு தாளத்தில் ஆடினால் எங்கே முடிச்சுப் போடுவது?

மறுநாள் மண்டபத்தில் மேடை ஓரமாக உட்கார்ந்திருந்தவள், யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள், விடாமல், ஒரே சீராக. தரையில் உள்ளங்கையை வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். சுற்றிலும் தெருவுக்குத் தெரு ஓடுகிற தறிகளின் நடுக்கம் மேடைப் பலகை வழியாக ஏறி, பாதத்தில் புகுந்து முழங்காலுக்கு வந்தது. சத்தத்தை மண்டபம் வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது, நடுக்கத்தை நிறுத்தவில்லை. ரயில் பெட்டியில் நிற்கிறவளின் காலுக்கு வருகிற அதே நடுக்கம். அவள் கையை மேலே தூக்கி, இல்லாத ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தளர விட்டாள். தூங்கிக்கொண்டிருந்த தறிக்காரர்களில் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னென்ன ஏற்பாடு என்று பேசுவதற்கு மண்டபத்தில் ஊர் கூடியது. போன தடவை மாதிரியே மரியாதையாகத் தறிகளை நிறுத்திவிடுவதென்று அர்த்தநாரி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது கடைசித் தூணுக்குப் பின்னாலிருந்து சுடர்கொடி வந்தாள். மேடையேறினாள். முகம் சிவந்திருந்தது, முழங்கால் நடுங்கியது, அது தறியாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் ஒரு பெரிய கைப்பிடியைப் பிடித்து முன்னால் தள்ளுகிற மாதிரி காட்டினாள். பிறகு கையை அகல விரித்து, எல்லாம் என்றாள். பிறகு விரலால் தன் மார்பைத் தொட்டாள்.

ஐரின் மேடத்துக்கு ஒன்றும் புரியாமல், அர்த்தநாரியை வாசற்படிக்கு இழுத்துப் போனார். "என்ன சொல்றா?"

"ஊர்த் தறி அத்தனையும் ஓட்டச் சொல்லுதுங் பாப்பா. மூணாவது ஆட்டம் அதோடதுதானாமுங்." அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல கொரலுங் அதுக்கு."

ஐரின் மேடம் உள்ளே மேடையில் நின்றவளை எட்டிப் பார்த்தார். "விழுந்தா நான் பிடிக்க மாட்டேன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றார். அர்த்தநாரி உள்ளே போய் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஐரின் மேடம் மாதிரி முதுகை நிமிர்த்தி நின்று காட்டினார். சுடர்கொடிக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு தறிகளை ஓட விட்டுவிட்டு, பார்த்துக்கொள்ள ஓரிருவரை நிறுத்திவிட்டு, மீதி ஊர் மண்டபத்துக்கு வந்தது. பழைய தறிக்காரர்கள் முன்வரிசையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய தூக்கம் அல்லவா போகப்போகிறது. ஆறு பெண்கள் வெறுங்காலோடு மேடைக்கு வந்து, கையைத் தூக்கி, இல்லாத பிடிகளைப் பிடித்தார்கள்.

பலகை நடுங்கியது. கால்கள் கேட்டன. ஆறு உடம்பும் ஒன்றாக இடதுபக்கம் சாய்ந்து ஒன்றாக மீண்டன, எந்த இசைக்கும் அப்படிச் சேர்ந்து ஆடியதில்லை அவர்கள். நின்றபடி தூங்குகிறவளைப் பார்த்து இரவு வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் கழுத்தைத் தொட்டுக்கொண்டார்கள். தோளில் சாய்ந்து அழுகிறவளைப் பார்த்து, மண்டபத்துக்கு அழ வந்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். இடம் பிடிக்க ஓடியவள் கோட்டைவிட்டபோது எல்லா வாயும் 'அடடா' என்று குவிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் உடம்பும், அவர்களுக்கே தெரியாமல், இடதும் வலதுமாக ஆடிக்கொண்டிருந்தது. மண்டபமே ஒரு பெட்டியாகிக் காவிரி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் விழவில்லை. எதன் மீதும் சாயாமல் நின்றது.

ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காதவள் மட்டும் மிச்சம். அது சுடர்கொடி. அவள் மேடையின் நடுவுக்கு வந்து, முன்பு விட்டுப்போன அதே இடத்தில், குதிகாலைத் தூக்கி நின்றாள்.

எல்லாருக்கும் தெரிந்தது, இறக்கினால் முடிந்துவிடும் என்று. அவளுக்கும் தெரிந்தது. அந்த இடத்தைப்போல ஓர் இடம் இனி அவளுக்குக் கிடைக்காது. முன்வரிசையில் ஒரு பழைய தறிக்காரர், வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, போகட்டும் என்று கையை விட்டார். பெண்கள் பக்கத்தில் சௌடேஸ்வரி, விழித்திருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. சுடர்கொடி படித்தாள். *எறக்கு அம்மிணி, கால் வலிக்கும்.*

டக்.

அந்தச் சத்தம் மேடையிலிருந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே, வாசலில் காத்திருந்ததுபோல, ஊர்த் தறிகளின் சத்தம் மொத்தமும் படியேறி உள்ளே வந்தது. மின்விசிறிகள் முனகின. யாரோ இருமினார். அத்தனை நாளும் சரியாகத் தூங்காத குழந்தை ஒரு கொட்டாவி விட்டு, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனது. அதைப் பார்த்ததும், குழந்தை எழுந்துவிடுமோ என்று முதலில் தயங்கி, எழாது என்று தெரிந்ததும் ஊரே கை தட்டியது.

காதுக்குள் ஓடுகிற தறி சிலருக்கு உடனே திரும்பி வந்தது, சிலருக்கு ஆடி மாதம் வரை வரவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்காக நாதஸ்வரக்காரரைக் கூட்டிவந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்து, விட்டுப்போன கெட்டிமேளத்தை மறுநாள் காலையில் கொட்டி முடித்தார்கள். அர்த்தநாரி குழுவை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் காப்புகளை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். "மூணும் ஆச்சுங். இனி எல்லை தாண்டலாமுங்."

வேன் பாலத்துக்குத் திரும்புகிற முனையில் சௌடேஸ்வரியின் தறிப்பட்டறை. அவள் கதவருகே வந்து நின்று, ஓடுகிற தறிகளின் இரைச்சலில் கையால் என்னவோ நீளமாகச் சொன்னாள். மற்றவர்கள் சும்மா டாட்டா காட்டினார்கள். சுடர்கொடி மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அதற்குக் கையாலேயே ஒரு பதில் சொன்னதில் சௌடேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

பாலத்தின் நடுவில் ஐரின் மேடம் முன்சீட்டிலிருந்து, யாரிடமென்று இல்லாமல், "சென்னையில அதை ஆடணும். பாட்டு வேணாம், எடுத்துடலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா தறிக்கு எங்க போறது?" என்றார்.

"நம்ம ஊர்ல ரயில் இருக்கே மேடம்" என்றாள் சுடர்கொடி, கடைசி சீட்டிலிருந்து. "தண்டவாளத்துக்குப் பக்கத்துல ஆடலாம்."

வேனின் இரைச்சலும் ஆற்றுக் காற்றும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஐரின் மேடம் சரி என்று தலையாட்டினார். "என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை.